துரையின் மகள்கள்

குழித்துறையிலிருந்து மேற்கே, ஆற்றை விட்டு விலகி உள்ளே போனால் மேலவிளை. அங்கே சத்தியபாய் வீடு எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டி வழிகாட்ட மாட்டார்கள். "நேரா போங்க, மூக்கு சொல்லும்" என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. காற்று திரும்பினால் துரையின் வாடை சபை மணிக்கூண்டு வரைக்கும் வரும்.

துரை என்றால் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கெடா. வெள்ளை வெளேரென்று, நெஞ்சை நிமிர்த்தி, நீளக் காதுகள் தாடைக்குக் கீழே தொங்க நிற்கும் அசல் மலபாரிக் கெடா. சுற்று வட்டாரத்தில் யாருடைய பெட்டை ஆடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு சத்தியபாய் வீட்டுக்குத்தான் வருவார்கள். துரை தன் மூத்திரத்திலேயே தாடியை நனைத்துக்கொண்டு, மேலுதட்டைச் சுருட்டி, நாக்கை நீட்டிப் புளுபுளுவென்று ஒரு சத்தம் போடுவான். பெட்டைகளுக்கு அது சங்கீதம். மனிதர்களுக்கு, குறிப்பாக அடுத்த வீட்டுக்காரர்களுக்கு, வேறு மாதிரி.

சத்தியபாய்க்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் சுந்தர்சிங் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அதிகம் பேசாதவர். ஒரே மகள் ஜெஸ்பின் குவைத்தில் நர்ஸ். கெடா வளர்ப்பதை ஆண்கள்கூட வெளியே சொல்லக் கூச்சப்படும் ஊரில் இவள் கூசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை குளித்து, பவுடர் போட்டு, சலவை மடிப்பு கலையாத சேலையில் சபைக்குப் போவாள். அப்படியும் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கடைசியில் அவளுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும். "எனக்கு நெரிசல் பிடிக்காது, நல்லதாப் போச்சு" என்று சிரிப்பாள். இந்தச் சிரிப்புக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

துரை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் கெடா என்று ஒன்றைத் தனியாக யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இறைச்சிக் கடைக்காரர் தொழுவத்தில் அறுப்புக்குக் காத்து நிற்கும் ஏதாவது ஒன்றிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். இன்றோ நாளையோ சாகப்போகிற அந்தச் சீவன் போகிற போக்கில் ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போகும். பிறக்கும் குட்டிகள் எலி மாதிரி இருக்கும். சத்தியபாயின் ஆடு கறந்தால் சாயாவுக்குக்கூடக் காணாது. ஒருநாள் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "நல்ல தகப்பன் இல்லாம நல்ல குட்டி எங்கேருந்து வரும்?" என்று கேட்டுவிட்டு, சுந்தர்சிங்கைக் கிளப்பிக்கொண்டு தலைச்சேரிக்கு ரயில் ஏறிவிட்டாள்.

அங்கே ஆட்டுக்காரர் ஆளுயரக் கெடா ஒன்றை நிறுத்தி, இதன் குட்டிதான் என்று பெருமையாகக் காட்டினார். இவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தகப்பன் இருக்கட்டும், தள்ளையைக் காட்டுங்க" என்றாள். தாயாட்டின் மடியைத் தடவிப் பார்த்தாள். சாயங்காலக் கறவையைப் பார்த்தாள். அன்று அங்கேயே சர்ச் வளாகத்தில் இடம் கேட்டுப் படுத்து, மறுநாள் காலைக் கறவையையும் பார்த்த பிறகுதான் குட்டியைக் கையில் எடுத்தாள். கெடா பால் தராது, ஆனால் அதன் மகள்கள் தர வேண்டும். அது அதன் தாயிடம்தான் தெரியும் என்பது அவள் கணக்கு. ஊர் திரும்ப, குளச்சலிலிருந்து மீன் ஏற்றிப் போய்விட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது குட்டியின் மேல் அயிலை வாடை. அன்றைக்கு ஆரம்பித்த வாடைப் புகார் இன்றுவரை ஓயவில்லை.

பாட்டிலில் பால் கொடுத்து, அயனி இலையும் பிலா இலையும் ஒடித்துப் போட்டு, அவனை அவள் வளர்த்த அழகை ஊரே பார்த்தது. பிறகு துரையின் குட்டிகள் பிறக்கத் தொடங்கின. நீளக் கால், நீளக் காது, பிறந்த சூட்டிலேயே எழுந்து நின்று மடி தேடும் துடிப்பு. இரண்டு வருடத்தில் மேலவிளையிலும் பக்கத்து விளைகளிலும் எந்த வேலியைப் பார்த்தாலும் ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. சத்தியபாய் ரோட்டில் நடந்தால் எதிரே வருகிற பெண்கள், "அக்கா, துரைக்க மவ ரெட்டை போட்டிருக்கா" என்று சொந்தக்காரர் சேதி மாதிரி சொல்வார்கள்.

ஜெஸ்பினைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து ஜெபம் முடித்து ஆமென் சொல்லும் நேரத்தில் வாசலில் ஒரு பெட்டை கதறிக்கொண்டு வந்து நின்றது. பின்னால் துரை கூட்டை உடைக்கிறான். சுந்தர்சிங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. சத்தியபாய் பலகாரத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "ஒரு நிமிசம் பொறுக்கணும், இவளுக்குப் பருவம் போயிட்டா பின்ன மூணு வாரம் காக்கணும்" என்று சொல்லிக் கொல்லைக்குப் போய்விட்டாள். கல்யாணம் கலைந்தது என்று சுந்தர்சிங் முடிவே கட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக எழுந்து பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்து, "எங்க வீட்டிலயும் ஒரு ஆடு நிக்கி, கொண்டு வரலாமா?" என்று கேட்டாளாம். அங்கேயே சம்பந்தம் முடிந்தது.

சத்தியபாய்க்கென்று சில சட்டங்கள் இருந்தன. மெலிந்த பெட்டையைச் சேர்க்க மாட்டாள், நன்றாகத் தீனி போட்டுத் தேற்றிக் கொண்டுவா என்பாள். இளம் பெட்டையைச் சேர்க்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வந்தாலும் கயிற்றை வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்பாள். "இதுக்க தள்ளை யாரு?" தாய் யாரென்று தெரிந்தால் தகப்பன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும். துரையின் மகளாக இருந்தால், எவ்வளவு வேண்டப்பட்டவர் ஆனாலும், திருப்பி அனுப்பிவிடுவாள். "அப்பன்கிட்டயா மவளைச் சேப்பா? கொண்டு போ மக்கா, வேற கெடா பாரு." எந்த ஆடு எந்த வீட்டில் எதற்குப் பிறந்தது என்பது அவளுக்குச் சபையார் குடும்பங்களின் உறவுமுறை போலவே மனதில் நின்றது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவ்வளவு மனப்பாடம் எனக்கு இருந்தால் நான் இன்னும் அதிகமாகக் கர்வப்படுவேன்.

அந்த மனப்பாடத்தில் ஓட்டை விழுந்த இடம் சபை வளாகம். அறுப்பின் பண்டிகைக்கு இங்குள்ளவர்கள் காய்த்த தேங்காய், வாழைக்குலை, மரச்சீனி என்று முதல் பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆடு வைத்திருப்பவர்கள் தலையீற்றுக் குட்டியைக் கொடுப்பார்கள். பிறகு எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் பெரும்பாலும் அதை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார். ஒரு சந்தோஷத்துக்காகத் திருப்பிச் சபைக்கே கொடுப்பார், மறுபடியும் ஏலம் போடுவார்கள். ஒரு குட்டி சாயங்காலத்துக்குள் பல கை மாறிவிடும். கடைசியில் கொண்டு போகிறவருக்கு அது யார் வீட்டுக் குட்டி என்று தெரியாது. கேட்பதும் மரியாதையில்லை, அது ஆண்டவருக்குக் கொடுத்தது. துரையின் குட்டிகளுக்குத்தான் போட்டி அதிகம் என்பதால் ஏலத்துக்கு வந்தவற்றில் அவன் பிள்ளைகளே அதிகம்.

பெமிலா அப்படி ஒரு குட்டியை எடுத்தாள். இவள் நாலு வீடு தள்ளியிருப்பவள், சின்ன வயது, கைக்குழந்தைக்காரி. கணவன் எட்சன் கத்தாரில் உயரமான கட்டடங்களில் ஏறி வேலை செய்கிறவன். அந்தக் குட்டி வளர்ந்து பருவத்துக்கு வந்தபோது சத்தியபாயிடம் கொண்டுவந்தாள்.

"இதுக்க தள்ளை யாரு?"

"அறியாது அக்கா. சபையில எடுத்ததாக்கும்."

சத்தியபாய் ஆட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். செவலை உடம்பில் கறுப்புப் புள்ளிகள், காதும் அவ்வளவு நீளமில்லை. துரையின் சாயல் மருந்துக்கும் இல்லை. வேறு எங்கிருந்தோ வந்த ஆடு என்று நினைத்துக் கூட்டைத் திறந்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்துப் பிறந்த குட்டிக்குக் கீழ்த்தாடை குட்டையாக உள்வாங்கி, முன்கால்கள் மடங்கியே இருந்தன. மடியைக் கவ்வ முடியவில்லை. பெமிலா பஞ்சில் பால் நனைத்துப் பிழிந்து பார்த்தாள். அது தங்கவில்லை.

சேதி கேட்டுப் போன சத்தியபாய் செத்த குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள்.  நேரே தங்கபாய் வீட்டுக்குப் போனாள். தங்கபாய் சபையின் பெண்கள் சங்கத் தலைவி, துரையிடம் முதன்முதலாக ஆடு கொண்டுவந்தவள், பெமிலா குட்டி எடுத்த அந்த ஏலத்துக்குத் தன் ஆட்டின் குட்டியைக் கொடுத்தவள்.

"மைனி, ஒங்க வெள்ளச்சி தலையீத்துல என்ன குட்டி போட்டுது? சபைக்குக் குடுத்தியளே?"

"செவலையாக்கும். கறுப்புப் புள்ளி உண்டு. வெள்ளச்சிக்க தள்ளை நிறம்லா அது. ஏன் கேக்கிய?"

வெள்ளச்சியைத் துரையிடம் சேர்த்தது சத்தியபாய்தான். அப்படியானால் பெமிலாவின் ஆடு துரையின் சொந்த மகள். நிறம் பாட்டியைக் கொண்டு பிறந்திருக்கிறது. குழித்துறை கால்நடை மருத்துவரைப் போனில் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். கெடாவிடம் குறையில்லை, இவ்வளவு நெருங்கிய இரத்தம் சேர்ந்தால் சிலசமயம் இப்படி ஆகும், ஒரே கெடாவை ஒரே ஊரில் இத்தனை வருடம் வைத்திருக்கக்கூடாது என்றார். அவர் சொன்னது புதிது ஒன்றுமில்லை. ஏலத்தில் போன குட்டிகளை எல்லாம் மனதில் எண்ணத் தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டாள். இனி எந்த ஆடு வந்தாலும் துரையின் மகளோ பேத்தியோ என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"ஒரு குட்டிதானே போச்சு" என்றார் சுந்தர்சிங். "பெமிலாவுக்கு நம்ம குட்டியில ஒண்ணு குடுப்போம். இதை வெளிய சொன்னா துரைக்க பேரு கெடும். பின்ன அவனை இறைச்சிக்குத்தான் கேட்டு வருவானுவ."

அதுதான் அவளுக்கும் பயம். பாட்டிலில் பால் குடித்து வளர்ந்தவன். அவள் காலடிச் சத்தத்துக்கே எழுந்து நிற்பவன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். பெமிலா வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்படியே இருந்துமிருப்பாள்.

குட்டி செத்ததிலிருந்து பெமிலா சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டுத் தங்கபாய்தான் அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தாள். மதியத்துக்கு மேல் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சத்தியபாய் வழக்கம் போலக் காற்றோட்டமான வாசல் பக்கம். பாட்டு முடிந்ததும் பெமிலா அழ ஆரம்பித்தாள்.

"நான் பொருத்தனை பண்ணியிருந்தேன். தலையீத்து கர்த்தருக்கு எண்ணு. ஆடு செனையா நிக்கும்போ எனக்க மனசு மாறிப் போச்சு. பொட்டக்குட்டியா இருந்தா நாமளே வளப்போம், சபைக்கு ஒரு கோழியைக் குடுப்போம் எண்ணு நெனச்சேன். அதுக்குத்தான் கர்த்தரு இப்படிக் காட்டிப்போட்டாரு. நெனச்சதுக்கே இப்படியெண்ணா... அவிய அங்க உசரத்துல நிண்ணு வேலை செய்யியாவ. அடுத்தது அவியளுக்கு ஒண்ணு வந்திருமோ எண்ணு எனக்கு நெஞ்சு கெடந்து அடிக்கி."

 ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். தங்கபாய் கண்ணை மூடி, "இரக்கமுள்ள பிதாவே, இந்தச் சகோதரி செய்த குற்றத்தை..." என்று தொடங்கினாள்.

"நிறுத்துங்க மைனி."

ஜெபத்தை நடுவில் நிறுத்தியவர் அந்தச் சங்கத்தில் அதுவரை யாரும் கிடையாது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். சத்தியபாய் எழுந்து நின்றிருந்தாள். 

"பெமிலா ஒரு குற்றமும் செய்யல்ல. அவளுக்க ஆடு துரைக்க மவளாக்கும். வெள்ளச்சி போட்ட குட்டி. அறியாம அப்பன்கிட்ட மவளைச் சேத்துவிட்டது நான். குட்டிக்க வாய் அப்படிப் பிறந்தது அதுனாலயாக்கும். இதுக்கும் பொருத்தனைக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. இனி ஒரு ஆட்டையும் துரைகிட்ட சேக்க மாட்டேன். ஒங்க வீட்டுல நிக்கியதெல்லாம் அவனுக்க மக்களாக்கும்."

பெமிலா கண்ணைத் துடைக்காமலே அவளைப் பார்த்தாள். "அப்ப கர்த்தருக்கு எனக்க மேல கோவம் இல்லியா அக்கா?"

"கோழி குடுத்தா அவரு வேண்டாம் எண்ணா சொல்லுவாரு? எழும்பி ஒரு வாய் கஞ்சி குடி மக்கா."

பெமிலா குடித்தாள். சத்தியபாயே ஊற்றிக் கொடுத்தாள். அவ்வளவு பேர் முன்னால், தன் கெடாவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துக் கீழே போட்டுவிட்டு, அடுத்த நொடி கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பயறு இருக்கிறதா என்று அடுக்களையில் தேடுகிற மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

ஊர் சும்மா இருக்குமா? சாயாக்கடையில் அப்பனையும் மகளையும் வைத்து என்னென்ன பேசக்கூடாதோ அத்தனையும் பேசிச் சிரித்தார்கள். ஒரு ஆடும் வரவில்லை. சுந்தர்சிங் சொன்னது போலவே இறைச்சிக் கடைக்காரர் வந்து துரையின் முதுகைத் தடவிப் பார்த்தார். சத்தியபாய் பிலாக்கொம்பை ஓங்கியதும் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குவைத்திலிருந்து ஜெஸ்பின் வீடியோவில் அழுதாள். "அம்மா, அவனை ஒண்ணும் செய்யாத."

"அவன் நல்லா இருப்பான் மக்கா. அவனுக்க மக்கள் இல்லாத ஊருக்கு அனுப்பியேன். அவ்வளவுதான்."

அப்படி ஒரு ஊரை அவள் விசாரித்துக் கண்டுபிடித்தாள். ஆரல்வாய்மொழியில் மரியான் என்பவரும் மலபாரிக் கெடா வைத்திருந்தார். அவருக்கும் இதே தலைவலி தொடங்கும் நேரம். கெடாவுக்குக் கெடா மாற்றிக்கொள்ளலாம் என்று போனில் பேசினார்கள். போனில் முடிகிற விஷயமா அது? பஸ் ஏறிப் போனாள். காற்றாலைகளுக்குக் கீழே, சேலை முந்தானை தலைக்கு மேல் பறக்க, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மரியானின் கெடாவைப் பெற்ற தாயாட்டின் மடியைத் தடவிப் பார்த்தாள். கறந்து காட்டச் சொன்னாள். மரியான் சிரித்துக்கொண்டே கறந்தார். அந்தக் கெடாவின் தகப்பன் வழி எங்கே, துரையின் வழியோடு எங்காவது சேர்கிறதா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சம்மதம் சொன்னாள். கிளம்பும் முன், துரைக்கு ராத்திரி தீனியில் கொஞ்சம் உப்பு வேண்டும், இடி இடித்தால் பயப்படுவான் என்றெல்லாம் சொன்னாள். "எனக்க பிள்ளையக் கட்டிக் குடுத்தப்பகூட இவ்வளவு பேசல்ல" என்றார் மரியான்.

துரையை ஏற்றப் போகும் நாளில் அவள் காலையிலேயே அவனைக் குளிப்பாட்டித் தாடியைச் சீவிவிட்டாள். அவன் போக மாட்டேன் என்று முரண்டு பிடிப்பான், திரும்பிப் பார்த்துக் கத்துவான், அதைத் தாங்க வேண்டும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். மரியானின் டெம்போ வந்து நின்றது. புதுக் கெடாவை இறக்கினார்கள். வண்டிக்குள், வழியில் யாருக்கோ கொடுக்க ஏற்றி வந்த ஒரு பெட்டை ஆடு நின்றிருந்தது. துரை மூக்கைத் தூக்கினான். உதட்டைச் சுருட்டினான். யாரும் பிடிப்பதற்குள் ஒரே தாவலில் டெம்போவுக்குள் ஏறிவிட்டான். புளுபுளுவென்று சத்தம். கதவைச் சாத்தும்போதும் அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சுந்தர்சிங் வாய்விட்டுச் சிரித்தார். சத்தியபாயும் சிரித்துவிட்டாள். "நன்றி கெட்ட பய" என்றாள். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள்.

புதுக் கெடா செவலை நிறம், சாதுவான முகம். நன்றாகத் தீனி எடுத்தான். வேலை மட்டும் வரவில்லை. வாரங்கள் போயின. ஊரில் ஆடுகள் கத்தத்தான் செய்தன. ஆட்களோ பக்கத்து ஊர்களுக்குச் சுற்று வழியில் ஓட்டிப் போனார்கள், சிலர் பழையபடி இறைச்சிக் கடைக்கே போனார்கள். "ஒருக்கா தப்புப் பண்ணினவ பின்னயும் பண்ண மாட்டாளா?" என்று தங்கபாயே கேட்டதாகக் காதுக்கு வந்தது.  சத்தியபாய் தினமும் கூட்டைக் கழுவினாள், இலை ஒடித்துப் போட்டாள். நான் பார்த்த வரையில் அந்த நாட்களில்தான் அவளுடைய சிரிப்பு குறைந்திருந்தது. எல்லோருக்கும் நல்லது என்று செய்ததை எல்லோரும் சேர்ந்து தண்டனையாக மாற்றுவது மனிதருக்குக் கஷ்டமில்லாமல் வருகிறது.

ஒரு சனிக்கிழமை காலை, சந்தைக்கூட்டம் ரோட்டில் நிறைந்திருக்கும் நேரம், சபை வாசலில் நின்றவர்களும் சாயாக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதறும் செவலை ஆட்டை இழுத்துக்கொண்டு பெமிலா நடுரோட்டில் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் வீட்டிலிருந்து சத்தியபாய் வீட்டுக்குக் கொல்லை வழியாக நாலு எட்டுதான். இவள் ஊரைச் சுற்றி வந்திருக்கிறாள்.

சத்தியபாய் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கெடா சேக்கணும் அக்கா."

"யோசிச்சுதான் வந்தியா மக்கா? இவன்கிட்ட இதுவரை யாரும் கொண்டு வரல்ல. நீயாக்கும் முதல்ல."

"அறியும் அக்கா," என்றாள் பெமிலா. "அதுக்காகத்தான் ரோட்டு வழியா வந்தேன்."

 சத்தியபாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பெமிலாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.